என்னவென்று கேட்காமல்

வலது கையைச் சட்டைக்குள் நுழைத்தாகிவிட்டது. இடது கைதான் வருவேனா என்றது. மீனாக்ஷி தன் கணவர் அச்சுதனின் முழங்கையைப் பிடித்து, வலிக்கப்போகிறதே என்கிற பயத்தோடு மெல்லத் திருப்பிப் பார்த்தாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த ஜெர்ரிக்கு அந்த ஃப்யூனரல் ஹோமில் இறந்தவர்களுக்கு உடுத்திவிடுவதுதான் வேலை. அவன் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, "மே ஐ?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு, சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கழுத்திலிருந்து கீழ்வரை கத்தரியால் வெட்டினான். அதற்குப் பிறகு கை சுலபமாக நுழைந்துவிட்டது. முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

புதுச்சட்டை. தீபாவளிக்கு எடுத்தது. தீபாவளி வருவதற்குள் அவர் பாதியாகிவிட்டதால் போடவே இல்லை. ஊரில் என்றால் வேஷ்டியும் மேல் துண்டும் போதும் என்பார்கள். ஆனால் துருத்திக்கொண்டிருந்த அந்த நெஞ்சுக்கூட்டை நாலு பேருக்குக் காட்ட மீனாக்ஷிக்கு மனமில்லை. அதிலும் முக்கியமாக, இன்னும் கொஞ்ச நேரத்தில் விமானநிலையத்திலிருந்து வந்து இறங்கப்போகிற அவருடைய அப்பாவுக்கு.

பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். மத்தியகால இங்கிலாந்தின் வீரக்கதைகளைப் பாடம் நடத்துவது அவள் பிழைப்பு. ரிச்சர்ட்சன் பல்கலைக்கழகத்தில் வருஷாவருஷம் அந்தக் கதைகளோடுதான் அவள் குடித்தனம். வீரன் போருக்குப் புறப்படும் முன் அவனுக்குக் கவசம் பூட்டுகிற இடம் ஒன்று அவற்றில் தவறாமல் வரும். பாதத்தில் ஆரம்பிப்பார்கள். முழங்கால், தொடை, மார்பு, கை என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் தலைக்கவசத்தில் முடிப்பார்கள். ஒவ்வொரு கொக்கியையும் விவரிப்பார்கள். "எப்போ ஃபைட் வரும் புரொஃபசர்?" என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். "இவன் திரும்பி வருவானா என்று பூட்டுகிறவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் மெதுவாகப் பூட்டுகிறார்கள்" என்பாள். வகுப்பில் சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அச்சுதனுக்கு அந்தக் கதைகள் ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. ஆனால் அவள் மாநாடுகளுக்கெல்லாம் காரோட்டிக்கொண்டு வருவார். ஓட்டல் அறையில் உட்கார்ந்து அவள் உரைக்கான படங்களை வரிசையாக அடுக்கித் தருவார். "உன் இரும்புச்சட்டைக்காராள்லாம் சௌக்கியமா?" என்பது இருபத்துச்சொச்சம் வருஷமாக அவர் அடித்துவந்த ஒரே ஜோக். அதற்கு ஒவ்வொரு தடவையும் தானே முதலில் சிரித்துக்கொள்வார்.

வேஷ்டியைச் சுற்ற ஜெர்ரி அவரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தான். ஒரு சுற்றுக்குப் பதிலாக மூன்று சுற்று வந்தது. நெற்றியில் விபூதி இட்டாள். தலையை வாரினாள். கீமோவுக்குப் பிறகு முளைத்திருந்த குழந்தை முடி சீப்புக்கு அகப்படவில்லை. கையாலேயே தடவிவிட்டாள்.

"ஹி லுக்ஸ் குட், மேம்" என்றான் ஜெர்ரி.

"தேங்க் யூ" என்றாள் மீனாக்ஷி. அழுகை வரவில்லை. வராததற்குக் காரணம் பயம். மாமனாரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் அவள் தொண்டையில் இருந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதுவும் வெளியே வரும்போல் இல்லை.

மாமனார் பிச்சுமணி மின்சார வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு பெருமை உண்டு. படித்தது, அமெரிக்கா வந்தது, வீடு வாங்கியது எதையும் அவர் சொல்லிக்கொண்டதில்லை. "எம்பிள்ளை இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லை" என்பார். சின்ன வயதில் கிரிக்கெட் ஆடி அடுத்த வீட்டு ட்யூப்லைட்டை உடைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோதும் தானே போய்க் கதவைத் தட்டி ஒப்புக்கொண்ட கதையைச் சொல்வார். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார். கிரீன் கார்டுக்கு ஓடிய வக்கீலிடம் சொன்னார். இங்கே வந்திருந்தபோது இண்டியன் ஸ்டோரில் பில் போடுகிற பையனிடமும் சொன்னார். அவன் குஜராத்தி.

மீனாக்ஷிக்கு அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். கல்யாணமாகி வந்த பிறகு மேலே படிக்கிறேன் என்று அவள் சொன்னபோது சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிச்சுமணிதான், "படிக்கட்டுமே. என்ன இப்போ?" என்றார். அவள் எழுதி முடித்த ஆராய்ச்சியை இந்த உலகத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர்கள் சிலரே. அவர்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவர் அவர் ஒருவர்தான். படித்துவிட்டுப் போன் செய்து, "பேஷ். அவாளும் நம்மளவாதான். வாக்குன்னா வாக்கு" என்றார். அன்றிலிருந்து அவளும் அவரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். வாயளவில் இல்லை, மனதாரத்தான்.

கணையத்தில் கட்டி என்று தெரிந்த அன்றே, "அப்பாவுக்குச் சொல்லணும்" என்றாள் மீனாக்ஷி. "வேண்டாம்" என்றார் அச்சுதன். "இந்த வயசுல வந்து என் பக்கத்துல உக்காந்துண்டு, நான் தேயறதைப் பார்த்துண்டிருக்கணுமா? அம்மாவுக்குப் பார்த்தது போறாதா?"

அவள் விடவில்லை. மாதக்கணக்கில் முட்டிக்கொண்டாள், கெஞ்சினாள், ஒரு தடவை போனைக் கையில் எடுத்தே விட்டாள். அவர் எதிரில் கைகூப்பி நின்றார். அதற்குப் பிறகு அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை தோறும் அப்பாவோடு வீடியோவில் பேசுவது வழக்கம். முகம் ஒடுங்க ஆரம்பித்ததும் அச்சுதன் ஒரு வழி கண்டுபிடித்தார். கராஜில் நிற்கும் காரில் போய் உட்கார்ந்துகொள்வார். எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, இண்டிகேட்டரைப் போட்டுவிடுவார். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

"டிரைவ் பண்ணிண்டிருக்கேன்ப்பா. வீடியோ வேண்டாம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"எங்கேடா போயிண்டிருக்கே?"

"காய் வாங்கறதுக்கு."

"சரி சரி. ரோட்டைப் பாரு. அப்புறமா பேசலாம்."

காரோட்டும்போது பேசுவது பிச்சுமணிக்குப் பிடிக்காது என்பதால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். மூச்சு வாங்குவது வெளியே தெரியாது. அச்சுதன் சீட் பெல்ட்கூடப் போட்டுக்கொள்வார். "இதெதுக்கு?" என்று மீனாக்ஷி கேட்டதற்கு, "பெல்ட் போட்டுண்டாதான் குரல் சரியா வரது" என்றார். அவள் கதவோரம் நின்று சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

அவர் படுத்த படுக்கையாகிக் கட்டில் ஹாலுக்கு வந்த பிறகு கராஜுக்குப் போக முடியவில்லை. மகள் அஞ்சனா ஆஸ்டினில் கல்லூரியை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள்தான் காரில் உட்கார்ந்து அந்த டிக் டிக்கைத் தன் போனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். சனிக்கிழமைகளில் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் அதை ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பாள். அச்சுதன் கண்ணை மூடியபடி, "ட்ராஃபிக்ப்பா, அப்புறம் பண்றேன்" என்பார். ஏர் கண்டிஷனர் சத்தம் மட்டும் கேட்கிற அந்த ஹாலில் மூன்று பேரும் ஒரு இல்லாத சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு பேச்சு முடிந்த பிற்பகலில்தான் அச்சுதன் அதைக் கேட்டார். மீனாக்ஷி கட்டிலோரம் உட்கார்ந்து தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"உன் இரும்புச்சட்டைக்காராள்லாம் என்னன்னு கேக்காமயே வரம் குடுத்துடுவாளே, அது மாதிரி எனக்கு ஒண்ணு வேணும்."

"என்னன்னு சொல்லுங்கோ."

"சொன்னா அப்புறம் அது அந்த வரம் இல்லையே. நீதானே க்ளாஸ்ல சொல்றே."

சொல்லத்தான் சொல்வாள். யாரோ ஒருவர் சபைக்கு நடுவில் வந்து நின்று ஒரு வரம் வேண்டும் என்பார். ராஜாவோ வீரனோ என்ன ஏது என்று கேட்காமல் கொடுத்தேன் என்று சொல்லிவிடுவான். அதற்குப் பிறகுதான் கேட்டது என்னவென்று தெரியும். தலையை வெட்டிக்கொள்வது போன்ற காரியமாகத்தான் அது இருக்கும். "ஸோ டம்" என்பார்கள் மாணவர்கள். "ஹி ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் ஃபர்ஸ்ட்." கேட்டுவிட்டுக் கொடுத்தால் அது வியாபாரம், நம்பிக்கை ஆகாது என்று மீனாக்ஷி விளக்குவாள்.

"சரி, குடுத்தேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. ஃபில்டர் காப்பி கேட்பார் என்று நினைத்தாள். மிஞ்சிப்போனால் அஸ்தியைக் காவேரியில் கரைக்கச் சொல்வார்.

"நான் போனப்புறம் அப்பா வருவார். ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேப்பார். நீதான் சொல்லவேண்டாம்னுட்டேன்னு சொல்லிடு. நான் சொல்லணும் சொல்லணும்னு துடிச்சேன், நீ விடலைன்னு."

தாள்கள் மடியிலிருந்து நழுவின. "நானா? தினம் தினம் உங்களோட மல்லுக்கட்டினது நான்!"

"தெரியும்."

"அப்புறம்?"

"எம்பிள்ளை பொய் சொல்லமாட்டான்கிறது ஒண்ணுதான் மீனா அவர்கிட்ட மிச்சம் இருக்கு. பிள்ளையும் போய், அதுவும் போச்சுன்னா, மயிலாப்பூர்ல தனியா உக்காந்துண்டு அவர் என்ன பண்ணுவார்?"

"நான் என்ன பண்ணுவேன்? அவர் என்னை என்னன்னு நெனைப்பார்?"

அச்சுதன், "வேற யாரைக் கேக்கறது?" என்றார்.

தண்ணீர் கொண்டுவந்த அஞ்சனா கதவருகே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "திஸ் இஸ் ஸோ நாட் ஃபேர்" என்று சொல்லிவிட்டுத் தம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

பிச்சுமணி நேராக ஏர்போர்ட்டிலிருந்தே வந்துவிட்டார். அழைத்துவரப் போயிருந்த முகிலன், அச்சுதனோடு ஆபீஸில் வேலை பார்த்தவன், பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு வந்தான். அவர் அவன் கையை விலக்கிவிட்டுத் தனியாக நடந்தார். ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டிருந்தார். டெக்சாஸ் வெயிலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லைபோலும்.

"அச்சுதன் போய்ட்டார்ப்பா" என்று மட்டும்தான் மீனாக்ஷி போனில் சொல்லியிருந்தாள். ஹார்ட் அட்டாக்காக இருக்கும் என்று அவரே நினைத்துக்கொண்டு, பயணம் முழுக்க அந்த நினைப்போடுதான் வந்திருந்தார். அச்சுதனைக் கிடத்தியிருந்த பெட்டியருகே போய் நின்றார். குனிந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். பிறகு மணிக்கட்டை. புதுச்சட்டைக்கு வெளியே தெரிந்தது அந்த மணிக்கட்டு ஒன்றுதான். அதைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தார். விரல்கள் சுற்றி வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"இது ஒருநாள் வியாதி இல்லையே" என்றார்.

சாந்தாமணி ஆண்ட்டி, பக்கத்துத் தெருவிலிருந்து சாதமும் ரசமும் கட்டிக்கொண்டு வந்தவள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"போன வருஷத்துலேர்ந்துப்பா. கேன்சர்" என்றாள் மீனாக்ஷி.

"போன வருஷத்துலேர்ந்து." அவர் அதைத் திருப்பிச் சொன்னார். "வாராவாரம் பேசினானே எங்கிட்ட. வாராவாரம்."

இதுதான் அந்த இடம். மீனாக்ஷி மேலே பார்த்தாள். ஃப்யூனரல் ஹோமின் கூரையில் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"நான்தான்ப்பா சொல்லவேண்டாம்னுட்டேன். அவர் சொல்லணும்னுதான் சொல்லிண்டிருந்தார். நான் விடலை."

அஞ்சனா சட்டென்று நிமிர்ந்தாள். "தாத்தா, தட்ஸ் நாட்..." என்று ஆரம்பித்தவளின் கையை மீனாக்ஷி இறுக்கிப் பிடித்தாள். வலித்திருக்க வேண்டும். அஞ்சனா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

பிச்சுமணி தன்னைப் பார்த்த பார்வையை மீனாக்ஷி அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நீ எழுதினதை நான் வரி விடாம படிச்சேன்" என்றார். "சத்தியம், சத்தியம்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தே. எம்பிள்ளை முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க விடலையே நீ. அவன் வாயைக் கட்டிப் போட்டுட்டியே. என்ன தவிப்பு தவிச்சிருப்பான், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை."

அவர் தவித்தது உண்மைதான். யாருக்காகத் தவித்தார் என்பதுதான் வேறு.

இர்விங்கிலிருந்து வந்திருந்த வாத்தியார் சின்ன வயசுக்காரர். மந்திரங்களை ஐபேடில் வைத்திருந்தார், ஆனால் அதைப் பார்க்காமலே சொன்னார். காரியத்தை யார் செய்வது என்ற பேச்சு வந்ததும் பிச்சுமணி, "நான் பண்றேன்" என்றார். பிள்ளைக்கு அப்பா செய்வது கொடுமை என்று சாந்தாமணி ஆண்ட்டி முனகினாள். வாத்தியார் தயங்கினார்.

"தாராளமாப் பண்ணலாம் மாமா. ஆனா பிள்ளை இல்லாத இடத்துல பத்னிக்குத்தான் அதிகாரம். அவா கையால உங்களுக்குத் தர்ப்பைப் புல்லைக் குடுக்கணும். நீங்க வாங்கிண்டு, அவாளுக்காகப் பண்றதா ஐதீகம்."

புல்லை எடுத்து மீனாக்ஷியின் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாமனார் முன்னால் நின்றாள்.

பிச்சுமணியின் கை நீளவில்லை.

"மாமா" என்றார் வாத்தியார்.

"இவ கையால வேண்டாம்."

"அவா குடுத்தாதான் மாமா..."

"இவ கையால வாங்கமாட்டேன்னு சொல்றேனே."

முகிலன் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ இருமினார்கள். மீனாக்ஷிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எத்தனையோ வீரர்களுக்கு அவள் வகுப்பில் வக்காலத்து வாங்கியிருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் பழி நீங்கும் என்கிற இடத்தில் அப்படி ஒரு வீரன் நிற்பான். கோழை என்பார்கள், துரோகி என்பார்கள், பெண்கள் மாடத்திலிருந்து எச்சில் துப்புவார்கள். கொடுத்த வாக்குக்காக அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். கத்தியைச் சுழற்றுவதைவிட இதுதான் பெரிய வீரம் என்று எழுதுகிற மாணவர்களுக்கு அவள் நல்ல மார்க் போடுவாள். அப்படி நிற்கிறவனுக்கு இப்படிக் காது கொதிக்கும் என்று எந்தக் கதையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்கள் ஒருவரும் நின்று பார்க்கவில்லைபோலிருக்கிறது.

ஒரு வாக்கியம் போதும். 'அப்பா, அவர்தான் வேண்டாம்னார்.' அஞ்சனா சாட்சி சொல்வாள். அவளிடம் அந்தப் பதிவுகூட இருக்கிறது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அச்சுதன் எல்லாப் பொத்தானும் போட்ட புதுச்சட்டையில் படுத்திருந்தார். முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை கிழிந்திருப்பது அவளுக்கும் ஜெர்ரிக்கும் மட்டும்தான் தெரியும்.

மீனாக்ஷி குனிந்து, புல்லைப் பித்தளைத் தட்டில் வைத்துத் தட்டை மாமனார் பக்கம் நகர்த்தினாள். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். பிச்சுமணி தட்டிலிருந்து புல்லை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரமாக நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். அஞ்சனா அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நிமிர முடியாமல் அப்படியே கிடந்தாள். முகிலன் வந்து தூக்கினான். பின்பக்கம் ஒரு கதவு திறந்து பெட்டி உள்ளே போயிற்று. சுவரில் இருந்த பொத்தானை அழுத்தித் தீயை மூட்ட வேண்டும் என்றான் ஜெர்ரி. பிச்சுமணி விரலை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த விரல் அழுத்தவில்லை. மீனாக்ஷிக்கு அந்தக் கையின்மேல் தன் கையை வைக்க வேண்டும்போல் இருந்தது. வைக்கவில்லை. ஜெர்ரிதான் வைத்தான்.

திரும்பும்போது முகிலனின் கார் பாத்திரங்களாலும் வாத்தியாராலும் சாந்தாமணி ஆண்ட்டியாலும் நிறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பிச்சுமணி மீனாக்ஷியோடு ஏறினார். அச்சுதனின் பழைய கார். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு அஞ்சனா. ஃப்யூனரல் ஹோம் வாசலில் மீனாக்ஷி இண்டிகேட்டரைப் போட்டாள்.

டிக். டிக். டிக்.

பிச்சுமணி தலையைத் தூக்கினார்.

"இந்த வண்டிதானா அது?"

"எதுப்பா?"

"எங்கிட்ட பேசறச்சே ஓட்டிண்டிருப்பானே. பின்னாடி இந்தச் சத்தம் கேட்டுண்டே இருக்கும்."

"இதுதான்ப்பா."

அவர் டாஷ்போர்டின்மேல் கையை வைத்தார். பிள்ளையின் தோளைத் தொடுவதுபோலத்தான் வைத்தார். மீனாக்ஷி வலதுபக்கம் திரும்பினாள். ஸ்டியரிங் நேரானதும் சத்தம் நின்றது.

"நின்னுடுத்தே?"

"திரும்பி முடிச்சா தானா நின்னுடும்ப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

அடுத்த சிக்னலில் இடதுபக்கம் திரும்பினாள். டிக் டிக்கென்று அடித்து, திரும்பியதும் மறுபடி நின்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் ஓடுகிற சத்தத்தைக் கேட்ட காது.

"எங்கிட்ட பேசறச்சே நின்னதே இல்லை" என்றார் மெதுவாக. "ஆரம்பிச்சதுலேர்ந்து வெக்கற வரைக்கும் அடிச்சுண்டே இருக்கும். அத்தனை நாழி எங்கே திரும்பிண்டே இருந்தான்?"

பின்சீட்டில் அஞ்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டது மீனாக்ஷிக்குக் கேட்டது. டெலிபோன் நெட்வொர்க்கில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய மனுஷன் அச்சுதன். இதை எப்படி விட்டார்? அவளும்தான் தினமும் காரோட்டுகிறாள். மகளும் ஓட்டுகிறாள். மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

பேசாமல் இருந்தால் போதும். வாக்கை மீறினதாகவும் ஆகாது. கேள்வி கேட்டது அவர், பதிலை நெருங்கிவிட்டதும் அவர். இன்னும் ஒரு நிமிஷத்தில் உண்மை தானாக வந்து காருக்குள் உட்கார்ந்துகொள்ளும். அவள் பேர் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"சில சமயம் நிக்காதுப்பா" என்றாள். "ரிப்பேர். சரி பண்ணணும் சரி பண்ணணும்னு சொல்லிண்டே இருந்தார். அதுக்குள்ள இப்படி ஆயிடுத்து."

"ரிப்பேரா?"

"ஆமாம்ப்பா."

அவர்கள் தெருவுக்குப் போகும் சாலை வந்தது. இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினாள். திரும்பும்போது இடது கை விரல் ஒன்றை இண்டிகேட்டர் குச்சியின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் நேரானது. சாலையும் நேரானது. சத்தம் நிற்கவில்லை. பின்னால் வந்த கார்க்காரன் இவள் எங்கே திரும்பப்போகிறாளோ என்று குழம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

டிக். டிக். டிக்.

பிச்சுமணி அவள் கையைப் பார்த்தார். குச்சியை அழுத்தியதில் நகம் வெளுத்துப்போயிருந்த அந்த விரலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்து எதிரே சாலைமேல் வைத்துக்கொண்டார். மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தார். அதன் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரிப்பேர்தான்" என்றார்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. பின்சீட்டில் அஞ்சனா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றார் பிச்சுமணி.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் சாந்தாமணி ஆண்ட்டி வைத்துவிட்டுப் போன பாட்டில் இருந்தது. அவருக்கே எட்டுகிற தூரம்தான். ஆனால் அவர் அதை எடுக்காமல் வெறுங்கையை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். மீனாக்ஷி வலது கையால் எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

விளக்கு பச்சையாயிற்று. வீட்டுக்கு இன்னும் நேர்ச்சாலைதான். அவள் இடது கை விரலை எடுக்கவில்லை.